பழைய பல்சர்ல லே வரைக்கும் போகணும்னா எதை மாத்தணும், எதைத் தொடவே கூடாது

தம்பி, நீங்க கேட்டது இதான்: ஊரு பாளையங்கோட்டை, வண்டி 2014 மாடல் பல்சர் 150, ஓடுனது 58,000 கிலோமீட்டர், அடுத்த ஜூன்ல தனி ஆளா லடாக்ல உள்ள லே வரைக்கும் போகணும், கைல 35,000 ரூபா துட்டு இருக்கு, இந்த வண்டிய அட்வென்சர் வண்டியா மாத்தலாமா, இல்ல வித்துட்டு பெருசா ஒண்ணு பாக்கணுமா. விக்காதீங்க. தாராளமா போகலாம். ஆனா மாத்தணும்னு நீங்க லிஸ்ட் எழுதிருக்கிற பதினாலு ஐட்டத்துல பத்து வேண்டாம், அதுல இல்லாத நாலஞ்சு கண்டிப்பா வேணும்.

எனக்கு கரண்டு எடுக்குற காத்தாடி மெயின்டெனன்ஸ் வேலை, பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் பக்கம். சைட்டுக்கு போற பாதை எல்லாம் சரளைக்கல்லும் உடைமுள்ளும்தான், பத்து வருசமா ஒரு 150 சிசி வண்டியில டூல்ஸ் பைய கட்டிக்கிட்டு அதுலதான் அலையுறேன், அதே வண்டியில ஒரு தடவ லே, ஒரு தடவ ஸ்பிட்டி போயிட்டு வந்தாச்சு. மெக்கானிக் கிடையாது, ஆனா அந்த வண்டியில நான் கழட்டி மாட்டாத போல்ட்டு கொஞ்சம்தான்.

அட்வென்சர் வண்டின்னதும் எல்லாருக்கும் முன்னாடி பறவை அலகு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற மட்கார்டு, மூணு அலுமினியப் பெட்டி, உயரமான சஸ்பென்ஷன், பத்து லைட்டு, இதான் கண்ணு முன்னாடி வருது. அது எல்லாம் பெரிய இஞ்சின், பெரிய சேசிஸ் உள்ள வண்டிக்கு. நம்ம வண்டிக்கு முதல்ல பாக்க வேண்டியது எடை, கடைசில பாக்க வேண்டியதும் எடைதான். இந்த மாதிரி 150 வண்டி ரெண்டு பேரு உக்காந்து போறதுக்குன்னு செஞ்சது, ஓட்டுற ஆளு, பின்னாடி ஆளு, சாமான் எல்லாம் சேத்து சுமாரா 130, மிஞ்சிப்போனா 150 கிலோ தாங்கும். இப்ப கணக்கு போடுங்க. நீங்க ஒரு 72 கிலோ, ஜாக்கெட் ஹெல்மெட் பூட்ஸ் 6, கேரியரும் பெட்டிகளும் 14, அதுக்குள்ள துணிமணி டென்ட் சாமான் 25, டூல்ஸ் 5, லெக்கார்டும் இஞ்சினுக்கு அடியில மாட்டுற அடித்தகடும் 6, அஞ்சு லிட்டர் பெட்ரோல் கேன் 4 கிலோ. 132 ஆயிடுச்சா. வண்டிய கிளப்புறதுக்கு முன்னாடியே ஃபுல். அதனால நீங்க வாங்கி மாட்டுற ஒவ்வொரு சாமானும் இந்தக் கணக்குல இருந்துதான் கழியும், அத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

அந்த பெட்ரோல் கேன லிஸ்ட்ல இருந்து இப்பவே அடிச்சிருங்க. மணாலி தாண்டி டான்டி பங்க்ல "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்"னு போர்டு வச்சிருந்தாங்க, அதப் பாத்துதான் எல்லாரும் பயந்து கேன் கட்டுறது. பெரிய வண்டிக்காரங்களுக்கு அது பிரச்சன. உங்க டேங்க் 15 லிட்டரு, லோடோட மேடேறி லிட்டருக்கு முப்பதுதான் குடுக்குதுன்னு வச்சா கூட 450 கிலோமீட்டர் போகும். சின்ன வண்டி நமக்கு குடுக்குற பெரிய லாபமே இதான், அத விட்டுட்டு எதுக்கு நாலு கிலோவ சும்மா சுமக்கணும்.

கேரியர் விசயத்துக்கு வாரேன், இதுலதான் நான் சொல்ல நிறைய இருக்கு, ஏன்னா பட்டது நானு. முதல் தடவ லேக்குன்னு கிளம்புனப்ப கடையில ரெடிமேடா ஒரு டாப் பாக்ஸ் வாங்கி பின்னாடி கிராப் ரெயில் மேல மாட்டி அதுல இருவது கிலோ அடைச்சேன். அந்தப் பெட்டி உக்காந்திருக்குறது பின் ஆக்சிலுக்கும் பின்னால, அதனால ஒவ்வொரு குழிக்கும் ஏத்தம் போட்டு எறைக்கிற மாதிரி முன்சக்கரம் லேசாயி ஆட ஆரம்பிச்சது, ஆந்திரா தாண்டுறதுக்குள்ள சீட்டத் தாங்குற பின்பக்க சப் ஃப்ரேம்ல வெல்டிங் விட்டுப்போச்சு. தப்பு முழுக்க என்னோடது. ஊருக்கு வந்து பேட்டையில ஒரு வெல்டிங் பட்டறைக்கு வண்டிய தள்ளிட்டு போனா, அங்கன உள்ள ஆசாரி ஒரு பார்வைதான் பாத்தாரு, "ஏன்வே, கழுதைக்கு பொதிய முதுகுல ஏத்துவீரா, வாலுல கட்டுவீரா"ன்னு கேட்டுட்டு வாசல்ல நின்ன பால்காரர் வண்டிய காட்டுனாரு.

நம்ம பால்காரங்க வண்டிய நல்லா உத்து பாத்திருக்கீங்களா? நூறு சிசி வண்டி, ரெண்டு பக்கமும் கேன் தொங்கும், நாப்பது லிட்டர் கேன்னா ஒரு பக்கத்துக்கே நாப்பது கிலோவுக்கு மேல, அதோட தினமும் விடியக்காலைல வரப்பு ரோட்டுல அஞ்சாறு ஊரு சுத்துவாரு, பல வருசம் ஃப்ரேமுக்கு ஒண்ணும் ஆகாது. ஏன்னா கேன் தொங்குற அந்த இரும்புச் சட்டம் சீட்டுக்கு குறுக்க படுத்து ரெண்டு பக்கமும் கீழ எறங்கி பின் ஃபுட்ரெஸ்ட் போல்ட்டுல வந்து உக்காருது, கேனோட அடி கிட்டத்தட்ட ஆக்சில் மட்டத்துல இருக்கும், பாரம் பின்னால தள்ளாம ஓட்டுறவன் முதுகுக்கு பக்கத்துல நிக்கும். லட்ச ரூபா வண்டிக்கு பாரம் ஏத்துற கணக்கும் இதேதான்.

அதனால உங்களுக்கும் அந்தச் சட்டம்தான். முக்கால் இஞ்ச் பைப்பு, 2 மில்லிமீட்டர் கனம் போதும், அதுக்கு மேல போனா எடை. ஒவ்வொரு பக்கமும் மூணு இடத்துல பிடிக்கணும்: கிராப் ரெயில் போல்ட்டு, பின் ஃபுட்ரெஸ்ட் போல்ட்டு, அப்புறம் நம்பர் பிளேட்டுக்கு பின்னால ரெண்டு பக்கத்தையும் சேத்து குறுக்க ஒரு பட்டை. அந்தக் குறுக்குப் பட்டைய பாதி பேரு விட்டுருவாங்க, அது இல்லன்னா ரெண்டு பக்கமும் தனித்தனியா உதறி போல்ட்டு ஓட்டைய பெருசாக்கிரும். வண்டி ஃப்ரேம்ல ஒரு பொட்டு கூட வெல்டிங் வைக்க விடாதீங்க, எல்லாமே போல்ட்டுதான். சைலன்சர் பக்கம் மூணு இஞ்ச் இடைவெளி விட்டு நடுவுல ஒரு தகரம் வைங்க, இல்லன்னா பை உருகிரும். பெட்டி வேண்டாம், துணிப் பை போதும், வண்டி சரிஞ்சா பெட்டி கால நசுக்கிரும், பை நசுக்காது. மழைக்கு உரச்சாக்குக்கு உள்ள வருமே தடியான பாலிதீன், அதக் கழுவி உள்ள போட்டு வாய மடிச்சு கட்டுனா ஒரு சொட்டு எறங்காது, நான் அப்படித்தான் கொண்டு போறேன், பாக்க கேவலமாத்தான் இருக்கும்.

சஸ்பென்ஷன உயத்துறது. நீங்க வேற வண்டியோட நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டி ரெண்டு இஞ்ச் தூக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. நானும் அந்தக் கோட்டித்தனத்த பண்ணுனவன்தான். பின்னாடி மட்டும் தூக்குனா முன் ஃபோர்க்கு செங்குத்தா ஆயிரும், ஹேண்டில் தொட்டாலே திரும்பும், பக்கத்துல லாரி போனா பயமா இருக்கும். செயின் கோணம் மாறி ஸ்விங்ஆர்ம் ரப்பர தேச்சு முந்நூறு கிலோமீட்டர்ல தின்னுட்டு. எல்லாத்துக்கும் மேல சைடு ஸ்டாண்டு நீளம் பத்தாம வள்ளியூர்ல ஒரு டீக்கடை வாசல்ல நிப்பாட்டுனேன், நான் டீய கைல வாங்குறதுக்குள்ள வண்டி பைய சாஞ்சு படுத்துருச்சு, கிளட்ச் லிவர் போச்சு, கடைக்காரரோட தண்ணிக் குடமும் போச்சு. உயரத்த அப்படியே விடுங்க. பதிலா இருக்குற உயரத்த இழக்காம பாருங்க: முன்னாடி ஃபோர்க் ஆயிலும் சீலும் புதுசு, ஸ்ப்ரிங் மேல பிவிசி பைப்புல முக்கால் இஞ்ச் துண்டு வெட்டி வச்சு மூடுனா லோடுல முன்பக்கம் அமுங்காது, பின்னாடி ஷாக் பத்து வருச பழசுன்னா அதே மாடலுக்கு ஒரிஜினல் புதுசு மாட்டி ஸ்ப்ரிங்க இறுக்குற ஸ்டெப்ப கூட்டி வைங்க. முழு லோடோட நீங்க உக்காந்தா ஷாக்கோட மொத்த ஓட்டத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எறங்கக்கூடாது, அதுக்கு மேல எறங்குச்சுன்னா ஷாக்க திட்டாதீங்க, பைய பிரிச்சு பாதிச் சாமான வெளிய எடுங்க.

டயரு. உங்க வண்டிக்கு முன்னாடி 2.75-17, பின்னாடி 100/90-17. அதே அளவுலயே, இல்ல முன்னாடி மட்டும் ஒரு அளவு அகலமா, ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான கட்டை பேட்டர்ன் கிடைக்கும், அதப் போடுங்க. முழு மண் டயரு வேண்டாம், போற வழியில முக்கால்வாசி தார் ரோடு, டெல்லி போய் சேருறதுக்குள்ள கட்டையெல்லாம் தேஞ்சு போயிரும். அகல டயர் போடுறதுக்கு முன்னால மட்கார்டு இடைவெளியும் செயின் இடைவெளியும் விரல் விட்டு அளந்து பாருங்க, சேறு ஒட்டுனா அந்த இடைவெளி இன்னும் குறையும். காத்து முன்னாடி 25, பின்னாடி லோடுக்கு 32. ட்யூப்லெஸ்ஸா இருந்தா பஞ்சர் கிட்டு, ட்யூப்னா ரெண்டு ட்யூபும் லிவரும், அத வீட்டு முத்தத்துல நீங்களே ஒரு தடவ கழட்டி மாட்டிப் பாத்திருக்கணும்.

இப்ப மலை. லே பக்கத்துல உள்ள கர்துங் லா கணவாயில போர்டுல 18,380 அடின்னு போட்டிருக்கும், அளந்து பாத்தவங்க கணக்கு 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. எதுவா இருந்தாலும் அங்க காத்தழுத்தம் நம்ம ஊர்ல உள்ளதுல கிட்டத்தட்ட பாதிதான். உங்க பல்சர் 15 குதிரை சக்தி, அங்க ஏறுறப்ப எட்டு கூட தேறுமான்னு சந்தேகம், புரியுற மாதிரி சொன்னா வண்ணார்பேட்டையில எடுத்த பல்சரு அங்க போய் ஸ்ப்ளெண்டர் ஆயிரும். இந்த இடத்துலதான் முன் ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடுற முன்பக்க பல்சக்கரம், உதவி பண்ணும். முன்னாடி ஒரு பல் குறைக்குறது பின்னாடி மூணு பல் கூட்டுறதுக்கு சமம், சுமாரா ஏழு சதவீதம் இழுவை கூடும், விலையும் கம்மி. ஆனா ஊர்ல இருந்தே மாட்டிட்டு போனா ஹைவேல நாள் முழுக்க இஞ்சின் அலறும். நான் பண்றது, செயின் கிட்ட மொத்தமா புதுசா மாத்திட்டு ஒரு பல் குறைஞ்ச முன் ஸ்ப்ராக்கெட்ட பையில போட்டுக்குவேன், மணாலில ரூம் வாசல்ல உக்காந்து அரை மணி நேரத்துல மாத்திட்டு செயின லேசா இழுத்து வச்சுக்குவேன், திரும்பி எறங்குனதும் பழையபடி. கிளம்புறதுக்கு முன்னாடி ஊர்லயே ஒரு தடவ அத மாட்டி செயின் அட்ஜஸ்டர்ல எடம் இருக்கான்னு பாத்துருங்க.

கார்புரேட்டர் வண்டிங்கறதால இன்னொரு வேலையும் இருக்கு. காத்து குறைஞ்சா பெட்ரோல் கூடிப்போகும், பிளக் கரி பிடிக்கும், ஐடிலிங் நிக்காது. கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவா விடுற மெயின் ஜெட் ஒண்ணு ரெண்டு நம்பர் சின்னதா வாங்கி வச்சுக்கோங்க, மிக்ஸர் ஸ்க்ரூ எங்க இருக்கு, எத்தன சுத்துன்னு குறிச்சு வைங்க. உங்க வண்டியில பிளக் ரெண்டு, அதனால ஸ்பேரும் ரெண்டு. சில பேரு ஏர் ஃபில்டர கழட்டிப் போட்டுட்டு ஏறுவாங்க, பவர் வர்ற மாதிரி தெரியும், லே போற வழியில உள்ள மூர் சமவெளி மணல் உள்ள போச்சுன்னா பிஸ்டன் ரிங் காலி, அத மட்டும் பண்ணாதீங்க. உங்க உடம்புக்கும் அங்க இதே கதைதான், லே போனதும் ரெண்டு நாள் சும்மா கெடங்க.

58,000 ஓடுன இஞ்சினுக்கு முதல்ல கிளட்ச் பிளேட்டு, வால்வ் கிளியரன்ஸ், வீல் பேரிங், ஹேண்டில் திரும்புற கோன்செட்டு, பிரேக் பேடு. கம்ப்ரஷன் பாக்கச் சொல்லுங்க, ஆயில் குடிக்குதுன்னா போர் வேலை பாத்துட்டு 2,000 கிலோமீட்டர் உள்ளூர்ல ஓட்டிட்டுத்தான் கிளம்பணும். இதுக்குத்தான் உங்க துட்டுல பாதி போகணும், இன்ஸ்டாவுல போட்டா ஒருத்தனும் லைக் போடாத வேலை இதெல்லாம்.

அடுத்து சீட்டு. ரெக்சின் கடையில குடுத்து உள்ள இருக்குற ஸ்பாஞ்ச மாத்தி கெட்டியானது வச்சு, முன்னாடி சரியுற அந்தச் சரிவ தட்டையாக்கிருங்க, ஆயிரத்து சொச்சம் ஆகும், மொத்த வேலையில இதுக்குத்தான் உங்க உடம்பு அதிகமா நன்றி சொல்லும். ஹேண்டில் உங்க மாடல்ல ரெண்டு துண்டா வர்ற கிளிப்-ஆன், அத ஒத்தப் பைப்பா மாத்தணும்னா மேல் டி பிளேட்டு, கேபிளுங்க, பிரேக் ஹோஸ் நீளம்னு வேலை இழுத்துக்கிட்டே போகும், உங்க பட்ஜெட்டுக்கு வேண்டாம். அடித்தகடு 3 மில்லிமீட்டர் அலுமினியத்துல பட்டறையிலயே வளைச்சு குடுப்பாங்க, ஆயில் ட்ரெயின் போல்ட்டுக்கு ஓட்டையும், காத்து போக இடைவெளியும் விடச் சொல்லுங்க, இது ஏர் கூல்டு இஞ்சின், மூடிப்போட்டா வெந்துரும்.

லைட்டுக்கு, ஹெட்லைட் பல்பு 35/35 வாட்டு, அதுல 60/55 பல்ப மாட்டி வயர கருக்குனவங்க எத்தனையோ பேரு. வேணும்னா ஒரு ஜோடி சின்ன ஃபாக் லைட்டு, ரிலே, ஃப்யூஸ் போட்டு பேட்டரில இருந்து நேரா. போன் சார்ஜருக்கும் தனி ஃப்யூஸு. முடிஞ்சது.

சட்டத்தையும் ஒரு வார்த்த சொல்லிருதேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த அமைப்ப இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதத்தான் உறுதியா சொல்லிருக்கு. போல்ட்டு போட்டு மாட்டுன கேரியர் வேற, ஃப்ரேம வெட்டுறது, டேங்க மாத்துறது, சத்தம் போடுற சைலன்சர் வைக்கிறது வேற. சேலைக் கம்பிய கழட்டிட்டு அந்த இடத்துல பை மாட்டலாம்னு தோணும், பின் சக்கரத்துல பாதியாவது மறைக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123வது விதி சொல்லுது, அதனால ஆசாரிகிட்ட சொல்லி கேரியர் சட்டத்துலயே ஒரு தகட்ட சேத்து அடிக்கச் சொல்லுங்க.

பழகுறதுக்கு நம்ம ஜில்லா மாதிரி எடம் கிடையாது. மணலுக்கு திசையன்விளை பக்கத்து தேரி, செம்மண் கால் பதிய பதிய கிடக்கும், அங்கன ஊர்ப்பாதையில டயர் காத்த 18க்கு எறக்கிட்டு நின்னுக்கிட்டே ஓட்டிப் பழகுங்க, பத்து தடவ விழுந்தாலும் அடிபடாது. வளைவுக்கு செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு, தென்மலை. மாஞ்சோலைய நினைக்காதீங்க, அது புலிகள் காப்பகத்துக்குள்ள, வனத்துறை அனுமதி இல்லாம போற எடம் இல்ல. காத்துக்கு சொல்லவே வேண்டாம், ஜூன்ல ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற காத்துல முப்பந்தல் ரோட்டுல முழு லோடோட ஒரு தடவ போயிட்டு வாங்க, பை ரொம்ப அகலமா இருக்கா, டாப்ல ரொம்ப ஏத்திட்டமான்னு அந்தக் காத்தே சொல்லிரும். நான் கட்டுன முதல் டாப் பாக்ஸ முழு லோடோட அங்கன ஓட்டிப் பாக்காம கிளம்புனதுதான் என் கதைக்கு காரணம்.

பாதை ரொம்ப லேசு. நம்ம பைபாஸ் இருக்கே, பழைய என்எச் 7, இப்ப 44, கன்னியாகுமரில இருந்து ஸ்ரீநகர் வரைக்கும் 3,745 கிலோமீட்டர். கங்கைகொண்டான் தாண்டி வடக்க பாத்து வண்டிய விட்டா மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி, அம்பாலா வரைக்கும் அதே ரோடுதான், அங்கன இருந்து சண்டிகர் வழியா மணாலி. 65க்கு மேல முறுக்காதீங்க, நாளைக்கு 350 கிலோமீட்டர் போதும், இருட்டுனா நிப்பாட்டிருங்க. லீவு கம்மின்னா திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல வண்டிய பார்சல் போட்டு நிஜாமுதீன்ல எறக்கலாம், பெட்ரோல சுத்தமா வடிச்சுட்டு சாக்கு சுத்தி குடுக்கணும். மணாலி தாண்டி வழியில குறுக்க ஓடுற ஓடைங்கள காலைலயே கடந்துருங்க, மத்தியானத்துக்கு மேல பனி உருகி தண்ணி ஏறிரும், காலைல முழங்கால் அளவு இருந்தது சாயங்காலம் இடுப்பளவு வரும்.

ஸ்பேருன்னு பாத்தா கிளட்ச் கேபிளும் ஆக்சிலேட்டர் கேபிளும் பழையதோட ஒட்டுனாப்புல இப்பவே ஓட்டி டேப் சுத்தி வச்சிருங்க, அறுந்தா முனைய மாத்தி மாட்டுறது மட்டும்தான் வேலை. ரெண்டு லிவர், செயின் லாக்கு, ஃப்யூஸு, கட்டுக்கம்பி, இஞ்சின் கேஸ் கீறுனா அடைக்க எம்-சீல். வண்டிய ஒரிஜினலாவே வச்சிருந்தா பல்சர் பார்ட்ஸ் இந்தியா பூரா சின்ன டவுன்லயும் கிடைக்கும், இறக்குமதி ஷாக்கும் வேற வண்டி ஃபோர்க்கும் மாட்டிட்டு போனா ஜான்சில நின்னுக்கிட்டு கூரியருக்கு காத்துக் கிடக்கணும். திங்குறதுக்கு உடன்குடி கருப்பட்டி ரெண்டு வட்டு எடுத்துக்கோங்க, மேல பசியே எடுக்காது, அத ஒரு துண்டு வாயில அடக்கிக்கலாம், அந்த எடைய நான் கணக்குல சேக்கல.

பேட்டை ஆசாரிய பாக்கணும்னா ஏப்ரலுக்குள்ள வாங்க, மே மாசம் ஸ்கூல் தொறக்குறதுக்கு முன்னால ஆட்டோக்காரங்க கம்பி வேலைக்கு வரிசையில நிப்பாங்க. போட்டோவும் அளவும் அனுப்புறேன் செஞ்சு வைங்கன்னு சொன்னா செய்ய மாட்டாரு, வண்டியக் கொண்டுவரணும், பைகளுக்குள்ள நிஜமா கொண்டுபோகப்போற சாமான ரொப்பி கொண்டுவரணும். ரெண்டையும் தூக்கிப் பாத்துட்டு கொஞ்சம் திட்டுவாரு, அப்புறம்தான் பைப்ப வெட்டுவாரு.